ஆள் கழிவு

பழைய வண்டி யார்டுகளை மொத்தமாக வாங்கி, உடைத்து, பிரித்து விற்றுக் காசாக்கும் தொழிலில் தராசக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. கூப்பிட ஆளில்லாமல் அதுவும் ஒரு மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு யார்டுக்குள் நுழைந்து, ஒரு சுற்று நடந்து, வெளியே வந்து அவள் ஒரு விலை சொன்னால், கடைசி ஆணி வரைக்கும் விற்று முடித்துக் கூட்டிப் பார்க்கும்போது அந்த விலை சரியாக நிற்கும். அதனால் தராசு. கல்யாணம் ஒன்றும் நடந்தது, நீடிக்கவில்லை. அதைப் பற்றி யாராவது நோண்டினால், "அந்த வண்டி ஸ்டார்ட்டே ஆகல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு யார்டு என்பது குப்பைமேடு. அவளுக்கு அது அடுக்கி வைத்த காசு, அடுக்கத் தெரியாதவன் அடுக்கி வைத்தது, அவ்வளவுதான். முதலில் பேட்டரி போகும், பிறகு ரேடியேட்டர், ஒயருக்குள் இருக்கும் செம்பு. ஓடுகிற இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மெக்கானிக்குகள் முதல் நாளே வாசலில் வந்து நிற்பார்கள். கதவு, கண்ணாடி, விளக்கெல்லாம் சில்லறையாகப் போகும். எதற்கும் உதவாத பாடியை நசுக்கி உருக்காலைக்கு அனுப்பினால் எடைக்குக் காசு. கடைசியில் எண்ணெய் ஊறிய தரை மிஞ்சும். அதையும் யாராவது வாங்குவார்கள்.

யார்டைப் பார்க்கும் அவளுடைய வழியே தனி. பானெட்டைத் திறந்து பார்க்க மாட்டாள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். முன்பக்கத்திலிருந்து புல் கிளம்பி மேலே வந்திருந்தால் உள்ளே இஞ்சின் இல்லை என்று அர்த்தம். காலால் தரையை ஓங்கி மிதித்துப் பார்ப்பாள். நாயைப் பார்ப்பாள். ஒவ்வொரு யார்டிலும் ஒரு நாய் இருக்கும். நாய் எலும்பும் தோலுமாக இருந்தால் சொந்தக்காரன் கையில் காசில்லை, அவசரத்தில் இருக்கிறான், விலையை அழுத்தலாம். நாய் கொழுத்திருந்தால் அங்கே யாருக்கோ மனசு இளகியிருக்கிறது, அதற்குத் தகுந்த மாதிரி பேசலாம். நாயை வைத்து விலை சொல்கிறவள் என்று பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் அவள் வருகிற அன்றைக்கு நாயைப் பட்டினி போடலாமா, விருந்து வைக்கலாமா என்று தெரியாமல் முழித்தார்கள்.

இரண்டு விஷயத்தில் அவள் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. யாருடைய யார்டு என்று கேட்க மாட்டாள். கேட்டால் ஒரு முகம் தெரியும், முகம் தெரிந்தால் பரிதாபம் வரும், பரிதாபம் வந்தால் விலை ஏறும், ஏறிய விலையில் நஷ்டம் வரும். சொந்தக்காரனோடு பேசுவதெல்லாம் அவளுடைய தம்பியின் வேலை. அடுத்தது, சொன்ன விலையை மாற்ற மாட்டாள். லாரிகளை ஏற்றி எடை போடும் எடைமேடை வைத்திருக்கும் ஆளின் அறையில் அவரை சாட்சியாக வைத்துக்கொண்டு ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. கூடக் கேட்டு அழுதவர்கள் உண்டு. வயசான மனுஷர் ஒருவர் அவள் காலில் விழப் போனார். கல்லில் நார் உரிப்பதும் அவளிடம் விலை ஏற்றுவதும் ஒன்று. அதே சமயம், குறைவாகச் சொல்லிவிட்டோம், நிறைய லாபம் வருகிறது என்று தெரிந்தபோதும் மாற்றவில்லை, கூடுதலாகச் சொல்லிக் கையைச் சுட்டுக்கொண்டபோதும் மாற்றவில்லை. அதனால் ஜனங்கள் திட்டிக்கொண்டே நம்பினார்கள்.

அந்தத் தொழிலில் ஆள் கழிவு என்று ஒன்று உண்டு. பழைய யார்டென்றால் உள்ளே யாராவது குடியிருப்பார்கள். வாட்ச்மேனாக வந்து அங்கேயே தங்கிவிட்ட கிழவனோ, வேறு போக்கிடம் இல்லாத தூரத்துச் சொந்தமோ. அந்த ஆளைக் கிளப்ப ஆகும் செலவை மொத்த விலையிலிருந்து முதலிலேயே கழித்துவிடுவார்கள். அதில் ஒரு பகுதி கவரில் போட்டு அந்த ஆள் கைக்குப் போகும். கழிவு எவ்வளவு என்று சொல்வதில் தராசக்காவை மிஞ்ச ஆளில்லை. அந்த ஆளிடம் போய்ச் சொல்வதும் ஆரம்பத்தில் அவள்தான். பிறகு தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தாள். நின்றுகொண்டு பேசாதே, எதிரே குத்துக்காலிட்டு உட்கார். ஆம்பளை என்றால் ஐயா, பொம்பளை என்றால் அம்மா. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று முதலில் சொல்லிவிடு. ஒரு நாளைச் சொல், இரண்டு நாள் சொன்னால் மூன்றாவது கேட்பார்கள். கடைசியில் கவரைக் கையில் வை, தரையில் வைக்காதே. சொல்லிக்கொடுத்ததோடு விடவில்லை. தானே குடியிருக்கிற கிழவியாக உட்கார்ந்து, அவனைத் திரும்பத் திரும்பப் பேச வைத்துத் திருத்தினாள். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்கும்தான்.

தம்பி அவளைவிட மிகவும் சின்னவன். அம்மா போனபோது அவன் இடுப்பில் இருந்த குழந்தை. தூக்கிக்கொண்டு திரிந்தவள், சோறு ஊட்டியவள், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் எல்லாம் அவள்தான். அவன் தலை நரைத்த பிறகும் கடைவீதி முழுக்க அவனைத் தம்பி என்றே கூப்பிட்டது. அவனைவிடச் சின்னப் பையன்கள்கூட, "தம்பி வந்திருக்காரு" என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். அந்தச் சிரிப்பை யாரும் உற்றுப் பார்க்கவில்லை, அவள் உட்பட.

அவர்கள் உடைக்காத யார்டு ஒன்றே ஒன்று. முதன்முதலில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது, இரண்டு பேர் பேரிலும் இருந்தது. வாங்கிய வருஷம் தலைக்கு மேல் கூரை இல்லை. இஞ்சின் இல்லாத ஒரு பஸ்ஸுக்குள் அக்காவும் தம்பியும் குடியிருந்தார்கள். அவன் கடைசி சீட்டில் படுத்துக்கொள்வான், அவள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்திருந்தாள். பிறகு காசு வந்து பின்பக்கம் இரண்டு அறை கட்டினார்கள். தம்பி கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனான். அவள் அந்த இரண்டு அறையிலேயே இருந்துவிட்டாள். வாங்கிய மற்ற யார்டுகளில் விற்காமல் மிஞ்சியதெல்லாம் இங்கே வந்து குவிந்தது. பஸ் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. யார்டின் நாய் அதற்கு அடியில் படுத்துத் தின்று தின்று உருண்டையாகிவிட்டது.

அந்த இடத்தை வாங்கிய அன்றைக்கே எடைமேடைக்காரர் முன்னால் ஒரு பேச்சு பேசி வைத்தார்கள். பின்னால் பிரிய வேண்டும் என்று வந்தால், யார் முதலில் விலை கேட்கிறார்களோ அவர் மற்றவருக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு இடத்தை எடுத்துக்கொள்ளலாம், மற்றவர் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். விலை அக்கா சொல்வதுதான். தம்பி அதற்கு உடனே ஒத்துக்கொண்டான். அவளும் நிம்மதியாக இருந்தாள். விலை தன் வாயில் இருக்கிற வரைக்கும் தன்னை யார் ஏமாற்ற முடியும்?

கடந்த சில வருஷமாக அவளுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. யார்டுகளைச் சுற்றி நடக்க முடியவில்லை. தம்பி போய்ப் பார்த்துவிட்டு வருவான். எடைமேடைக்காரர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவள் கேள்வி கேட்பாள், அவன் பதில் சொல்வான், அவள் கண்ணை மூடிக்கொண்டு விலை சொல்வாள். அப்படியும் தராசு ஒரு பக்கம் சாயவில்லை. அவளுடைய கால் அவன்தான், கண்ணும் அவன்தான் என்று ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் யார்டுக்கு முன்னால் அகலமான புது ரோடு போட ஆரம்பித்தார்கள். முன் வாசலை அடைத்துவிட்டார்கள், லாரிகள் பின்னாலிருக்கிற சந்து வழியாக முக்கி முனகிக்கொண்டு வந்தன. ரோடு வந்தால் அந்த மண்ணின் விலை எங்கேயோ போய்விடும். தம்பி அவளிடம் பேச்செடுத்தான். எல்லாவற்றையும் உடைத்து அனுப்பிவிட்டு அங்கே பெரிய குடோன்கள் கட்டலாம், கையில் கரி படாமல் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றான். அவள் முழுதாகக் கேட்கவே இல்லை. "நான் செத்ததும் கட்டிக்கோ. அதுவரைக்கும் வேற பேச்சு பேசு" என்றாள். அப்புறமும் இரண்டு மூன்று முறை ஆரம்பித்தான். ஒவ்வொரு முறையும் அவள் ஏதாவது கிண்டல் செய்து கிளப்பிவிட்டாள். ஒருமுறை, குடோன் முதலாளி வந்துவிட்டார், எழுந்து நில் என்று நாயிடம் சொன்னாள். அவன் அதற்கும் சிரித்தான்.

பிறகு அவன் அந்தப் பேச்சை எடுப்பதையே நிறுத்திவிட்டான்.

ஒரு மத்தியானம் வழக்கம்போல எடைமேடை அறையில் உட்கார்ந்தார்கள். வெளியே ஒரு லாரி மேடையேறி நின்றது, அறைக்குள் மேஜையெல்லாம் ஒரு நடுக்கம் நடுங்கி அடங்கியது. தம்பி ஒரு யார்டு வந்திருக்கிறது என்றான். விற்கிறதற்கா வாங்குகிறதற்கா என்று கேட்டாள். வாங்குகிறதற்கு என்றான். வாங்குகிற விலை என்றால் அடிமட்ட விலை. அவள் காலை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

வழி எப்படி என்று கேட்டாள். முன் வாசல் அடைத்திருக்கிறது, லாரி பின் சந்து வழியாகத்தான் வர வேண்டும் என்றான். சொந்தக்காரர்களுக்குள் ஏதோ வழித் தகராறு போல என்று நினைத்துக்கொண்டு விலையில் ஒரு கத்தை குறைத்தாள். சரக்கு எப்படி? பெரும்பாலும் பொறுக்கி எடுத்த பிறகு மிஞ்சின சரக்கு என்றான். இன்னும் குறைந்தது. கிரேன்? இருக்கிறது, ஓடவில்லை. பெரிய பாடி ஏதாவது?

"ஒரு பஸ் இருக்கு. இஞ்சின் கிடையாது. சீட்டெல்லாம் கிழிஞ்சு கெடக்கு."

"அது எடைக்குத்தான். நசுக்கி அனுப்பிடு," என்றாள்.

எடைமேடைக்காரர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். அவள் கண் மூடியிருந்தது.

உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டாள். பின்னால் இரண்டு அறையில் ஒருத்தர் இருக்கிறார், பொம்பளை, வயசானவர், தனி ஆள் என்றான் தம்பி. குரலில் ஒரு பிசிறு இல்லை.

"நாய் எப்படி இருக்கு?"

"நல்லாக் கொழுத்திருக்கு."

அவள் சிரித்தாள். "அப்ப கவலையே இல்ல. மனசு இளகின ஆளு. இதுங்க சண்டை போடாது, கோர்ட்டு கீர்ட்டுன்னு போகாது. நாலு நல்ல வார்த்த பேசி, கைல கொஞ்சம் குடுத்தா, கண்ணத் தொடச்சிக்கிட்டுப் போயிடும். கழிவு ரொம்ப வேணாம்."

கழிவைச் சொன்னாள். கழிவு போக மொத்த விலையைச் சொன்னாள். ஈவு இரக்கம் இல்லாத விலை. தம்பி எடைமேடைக்காரரைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றான். அவர் தலையை ஆட்டினார். தம்பி அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டான். அவனுடைய வண்டி ஒரு சின்ன லோடு வண்டி. அதன் இஞ்சினை ஒரு யார்டில் அவள்தான் தேர்ந்தெடுத்துப் போட்டுக் கொடுத்தாள். நின்றுகொண்டிருக்கும்போது மூன்று தடவை சீராக ஓடி நாலாவதற்கு ஒரு இருமல் இருமும், அவ்வளவுதான் குறை. இறங்கும்போது கையைப் பிடித்து, பார்த்து இறங்கு என்றான். யார்டுக்குள் நடந்துபோன அவள் பஸ்ஸைத் தாண்டித்தான் போனாள். நாய் எழுந்து வந்து காலை உரசியது. அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. அது அவளுக்கு யார்டே அல்ல, வீடு. வீட்டுக்கு யாராவது மனசுக்குள் விலை போட்டு வைத்திருப்பார்களா?

சில நாள் கழித்துக் காலையில் அவள் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தபோது எடைமேடைக்காரர் வந்து நின்றார். பகலில் மேடையை விட்டு நகராத மனுஷர். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

"தம்பி குடுக்கச் சொன்னாரு. அந்த யார்டுல குடியிருக்கற ஆளுக்காம்."

"அதுக்கு என்கிட்ட எதுக்கு? நேரா அங்க கொண்டுபோய்க் குடுக்க வேண்டியதுதானே."

"நேராத்தான் கொண்டு வந்திருக்கேன், அக்கா."

அவளுக்குப் புரிய நேரமானது. கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முன்பக்கம் அடைத்திருந்த வாசலைப் பார்த்தாள். ஓடாத கிரேனைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். கிண்ணத்தில் மூக்கை விட்டுக்கொண்டு வாலை ஆட்டும் கொழுத்த நாயைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக, அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதெல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளை ஆட்டிவிட்டது. அவள் கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல்லியிருந்தான். கேட்காத ஒன்றே ஒன்றைத்தான் சொல்லவில்லை. அதை அவள் கேட்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

பஸ் என்று சொன்னபோதே தெரிந்துவிட்டது என்றார் அவர். சாட்சி வாயைத் திறக்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை சரக்கையும் உடைத்து ஏற்றும்போது எல்லா லாரியும் யாருடைய மேடையில் எடை போடப் போகிறது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அவள் அதைக் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் அவரே பேசினார். அவள் வேண்டாம் என்றால் போதும், நான் எந்த விலையும் கேட்கவில்லை என்று யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்லிவிடுகிறேன் என்றார். அவள் கையெழுத்துப் போடாமல் தம்பியால் ஒரு போல்ட்டைக்கூட எடுக்க முடியாது என்றார்.

அது உண்மைதான். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் யார்டு அவளுடையது. வீடு, பஸ், நாய், எல்லாம் அப்படியே இருக்கும்.

அன்றைக்கு முழுக்க அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் வந்தது, வந்து வந்து போனது. அவன் காய்ச்சலில் கடைசி சீட்டில் கிடந்தபோது கஞ்சியும் கையுமாக அந்தப் பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் நடந்ததெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஞாபகத்துக்கு வந்தது. அவளிடம் விலை கேட்டு அழுதவர்களும் வந்தார்கள். காலில் விழ வந்த மனுஷர் வந்தார். அவரிடம் அவள் சொன்னது, "சொன்னது சொன்னதுதாங்க." சொன்ன வாக்கு என்பதால்தான் அது நியாயம். தனக்கு வலிக்கும்போது மட்டும் அதை மாற்றினால், அன்றைக்கு அந்த மனுஷரிடம் செய்தது பச்சைக் கொள்ளை என்று ஆகிவிடும். இதையெல்லாம் அவள் யோசிப்பாள் என்பதும், யோசித்து எங்கே வந்து நிற்பாள் என்பதும் தம்பிக்குத் தெரியும். வேறு யாருடைய வாக்கை நம்பியும் அவன் இப்படி ஒரு காரியத்தில் இறங்கியிருக்க மாட்டான். அவளிடமிருந்த ஒரே நல்ல குணத்தை எடுத்து அவள் கழுத்திலேயே சுருக்காக மாட்டிவிட்டான். பாவி.

மறுநாள் காலையில் எடைமேடைக்காரரைக் கூப்பிட்டனுப்பி, கவரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"விலை நான் சொன்னதுதான். மாத்த மாட்டேன். ஆனா இது வர்ற முறை இல்ல. ஆளக் கெளப்பறவன் நேர்ல வந்து சொல்லணும். வரச் சொல்லுங்க."

தம்பி வர மாட்டான் என்று எடைமேடைக்காரர் நினைத்தார். வந்தான். வண்டியைப் பின் சந்தில் நிறுத்திவிட்டு, பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தான். நாய் அவனைப் பார்த்து வாலை ஆட்டியது. அதற்கு என்ன தெரியும்? அவள் அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா," என்றான்.

"அக்காவப் பாக்க வந்தியா, இங்க குடியிருக்கறவளப் பாக்க வந்தியா?"

அவன் நின்றபடியே பேசினான். எத்தனை தடவை கேட்டேன், ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டாயா என்றான். இந்த வயசிலும் ஊருக்கெல்லாம் நான் தம்பி, எனக்கென்று ஒரு பேர் கிடையாது, ஒரு முடிவு கிடையாது என்றான். நீ விலை சொல்வாய், நான் ஓடுவேன், கடைசிவரைக்கும் உன் காலாகவே இருக்க வேண்டுமா என்றான். அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"என்கிட்ட நேரா, இது நம்ம எடம், வில சொல்லுன்னு கேட்டிருக்கலாமே."

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

"ஒரு பொய் சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்டா. திருட்டுப்பயன்னு திட்டிட்டுப் போயிருப்பேன். நான் சொல்லிக் குடுத்தத வெச்சே என்னைய வெட்டியிருக்க." அவள் குரல் உடைந்தது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி. வந்த வேலையப் பாரு. சொல்ல வேண்டியதச் சொல்லு."

அவனால் முடியாது என்றுதான் அவள் நினைத்தாள். இத்தனைக்கும் பிறகு, எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தைகளை அவனால் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் நின்றானென்றால் அது போதும் அவளுக்கு. யார்டு போனால் போகட்டும், அவன் இன்னும் அவளுடையவன். அதற்காகத்தான் அவனை வரச் சொன்னாள்.

தம்பி பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு, அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இரண்டு பேர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"அம்மா," என்றான். "இந்த எடம் கைமாறிடுச்சு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. வர்ற ஞாயித்துக்கெழம காலையில காலி பண்ணிக் குடுத்துடுங்க."

அவன் குரல் இதமாக இருந்தது. எதுவும் விட்டுப் போகவில்லை. கவரை எடுத்து அவள் கையில் வைத்தான், தரையில் வைக்கவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தபோதுகூட அவன் அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை. முதல் தடவையாகக் கூப்பிட்டான்.

அவள் கவரை வாங்கிக்கொண்டாள். அழவில்லை. "நல்லாச் சொன்ன," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினாள். கையெழுத்தையும் போட்டுக் கொடுத்திருந்தாள். அவள் கணக்குப்படி வர வேண்டிய பாதி, கழிவு போக, சரியாக வந்து சேர்ந்தது. தன்னைக் கிளப்பும் செலவில் பாதியைத் தானே கொடுத்தவள் அந்தத் தொழிலிலேயே அவள் ஒருத்திதான். ஒரு தெருவில் மாடியில் சின்ன அறை வாடகைக்குக் கிடைத்தது. நாயைக் கூட்டிக்கொண்டு போனாள். மாடிப்படி ஏறத் தெரியாமல் அது கீழேயே படுத்துக்கொண்டது, மெலியவும் ஆரம்பித்தது. ஒருநாள் எடைமேடைக்காரர் பார்க்க வந்து, பேச்சுவாக்கில் பஸ் மேடையேறிய அன்றைக்கு என்ன எடை காட்டியது என்று சொல்ல ஆரம்பித்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார், அப்புறம் வரவே இல்லை.

விலை கேட்டு மட்டும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வேறு யார் வாயையும் அந்தத் தொழில் நம்பவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வழி எப்படி, சரக்கு எப்படி என்று கேட்பதற்கு முன்னால் அவள் வேறு ஒன்று கேட்கிறாள். அதைக் கேட்டுப் பலர் எரிச்சலாகித் திரும்பிப் போகிறார்கள். அக்காவுக்கு வயசாகிவிட்டது, தராசு முள் ஆடுகிறது என்கிறார்கள்.

போன மாதம் ஒரு புரோக்கர் வந்தான். ஒரு யார்டு வாங்கப் போகிறார்கள், பெரிய கை, விலை மட்டும் வேண்டும் என்றான். உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டாள். யாரோ ஒரு கிழவர் இருக்கிறார் என்றான்.

"அவரு பேரு என்ன?"

புரோக்கர் சிரித்துவிட்டான். பேருக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். அவள் ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தாள். கீழே தெருவில் ஒரு லோடு வண்டி நின்றுகொண்டிருந்தது. இஞ்சினை நிறுத்தவில்லை. மூன்று தடவை சீராக ஓடி, நாலாவதற்கு ஒரு இருமல் இருமியது.

"கீழ வண்டில உக்காந்திருக்கற ஆள்கிட்டப் போய்ச் சொல்லு," என்றாள். "அவரே உள்ள போயி, அந்தக் கிழவர் முன்னாடி குத்துக்காலிட்டு உக்காந்து, பேரு என்ன, போறதுக்கு எடம் இருக்கான்னு கேட்டுக்கிட்டு வரச் சொல்லு. வந்து மேல ஏறி என்கிட்டச் சொல்லட்டும். அப்புறம் விலை சொல்றேன்."

புரோக்கர் இறங்கிப் போனான். கீழே பேச்சுக்குரல் எதுவும் கேட்கவில்லை. இஞ்சின் கொஞ்ச நேரம் அப்படியே இருமிக்கொண்டு நின்றது. நாய் மட்டும் எழுந்து ஓடிப் போய் இரண்டு தடவை குரைத்தது, தெரிந்தவர்களைப் பார்த்தால் குரைக்கிற மாதிரி. பிறகு வண்டி கிளம்பிப் போய்விட்டது. அந்த யார்டுக்கு விலை கேட்டு யாரும் மேலே ஏறி வரவில்லை.